சைக்கிள் மணியும் கறுப்பு அட்டையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. நான் எலெக்ட்ரீஷியன். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தவன். நைட் ஷிஃப்ட்டில் பிரஸ் மிஷின் தானாக ஓடுகிறது, போன வருஷம் கை போனவன் வந்து ஓட்டுகிறான் என்று லைனே வேலையை நிறுத்திவிட்டு நின்ற ஒரு ராத்திரி, பேனலைத் திறந்து உள்ளே கருகி ஒட்டிக்கொண்டிருந்த பல்லியைக் குறடால் பிடுங்கி எடுத்து, "இதோ கீது சார் உங்க பேய்" என்று சூப்பர்வைசர் மேஜையில் வைத்தவன் நான்தான். எதையும் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பல்லி இருக்கும் என்பது என் கட்சி. இப்போது சொல்லப்போவதையும் இருபது வருஷத்துக்கு மேலாகத் திறந்து திறந்து பார்க்கிறேன். பல்லி கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் சொல்லுங்கள், நிம்மதியாக இருக்கும்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, தை மாதம். ஒரகடம் பக்கம் இன்று நிற்கிற கம்பெனிகளில் பாதி அன்று இல்லை. நிலத்தை எடுத்து, மேடு பள்ளம் நிரவி, முள்கம்பி போட்டு, யாரோ எப்போதோ வருவார்கள் என்று சும்மா விட்டிருந்தார்கள். பகலில் அந்த மனைகளைப் பார்த்தால் வெறும் செம்மண். ராத்திரியில் வானம் இறங்கி வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும். கிழக்கே சென்னை மஞ்சள் ஜுரம் போல அடிவானத்தில் எரியும், வடக்கே ஸ்ரீபெரும்புதூர் விளக்குகள், அவற்றுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் துருவ நட்சத்திரம் தத்தளிக்கும். தெற்கும் உச்சியும் மட்டும் எங்களுக்கு. எங்களுக்கு என்றால் எனக்கும் இசக்கிக்கும்.

இசக்கிமுத்து பிரஸ் ஷாப் ஆபரேட்டர். அம்பாசமுத்திரத்துக்கு உள்ளே ஒரு ஊர். என் வயதுதான், இரண்டு பேரும் முப்பதைத் தொட்டுவிட்டோம். நான் திருவள்ளூர்க்காரன், ஷிஃப்டுக்காக அறை எடுத்தவன். ஒரே வாடகை அறையில் நான்கு பேர், நான்கு ஷிஃப்ட் நேரம், எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும் அறை. அதன் வராந்தாவில் ஒரு எண்ணெய் டிரம்மை நிறுத்தி, அதன் மேல் ஆறு அங்குலக் கண்ணாடியை வைத்து, சுற்றிச் சுற்றி நடந்து, ஐந்து மாதம் தேய்த்து என் தொலைநோக்கிக்குக் குழி ஆடி செய்தேன். முதல் வாரமே இசக்கி வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

"என்னவே, டிரம்ம சுத்திச் சுத்தி வாரீரு. கல்யாணம் ஆவணும்னு வேண்டுதலா?"

"கண்ணாடி தேய்க்கிறம்பா. நட்சத்திரம் பாக்க."

"அது சும்மாவே தெரியுதேவே. மேல பாத்தாப் போதும்லா."

போதாது என்று அவனுக்குப் புரியவைக்க ஒரு ராத்திரி ஆனது. கண் எதையும் சேர்த்து வைக்காது, வந்த வெளிச்சத்தை வந்தவுடன் செலவழித்துவிடும். பிலிம் அப்படி இல்லை. ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்து வெளிச்சத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். கண்ணுக்கு வெறும் இருட்டாகத் தெரிகிற இடத்தில் பிலிமுக்கு மேகம் தெரியும், சுருள் தெரியும், செத்துப்போன நட்சத்திரத்தின் புகை தெரியும். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் பூமி சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடாகத் தொலைநோக்கியை மோட்டார் திருப்பும். மோட்டாரும் பல்சக்கரமும் நான் ஸ்க்ராப் யார்டில் பொறுக்கிச் சேர்த்தவை, அவற்றுக்கு ஒழுங்கான நடை கிடையாது. அதனால் பக்கத்தில் கட்டியிருக்கும் சின்னத் தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்து, சிலுவைக் கம்பியின் நடுவில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, அது மயிரிழை நகர்ந்தாலும் இடது கையில் இருக்கும் பட்டனை அமுக்கி மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மணி நேரம். கண்ணை எடுக்கக்கூடாது. திரும்பிப் பார்க்கக்கூடாது.

இது முக்கியம். திரும்பிப் பார்க்கக்கூடாது.

எங்கள் மனைக்குக் கிழக்கே ரோடு வளைகிறது. கார் ஏற்றிய டிரெய்லரோ கம்பெனி பஸ்ஸோ அந்த வளைவில் திரும்பினால் ஹெட்லைட் மனை முழுவதையும் ஒரு வாரு வாரிவிட்டுப் போகும். அதில் கொஞ்சம் தொலைநோக்கிக் குழாய்க்குள் விழுந்தாலும் பிலிம் நாசம். அதற்குத்தான் கறுப்பு அட்டை. ஒரு முழக் குச்சியில் விசிறி மாதிரி ஒட்டி வலது கையில் வைத்திருப்பேன். வண்டி வந்தால் குழாயின் வாயைத் தொடாமல் அட்டையால் மறைக்க வேண்டும், போனதும் எடுக்க வேண்டும். ஆனால் வண்டி வருவதைக் கண்ணை எடுக்காமல் எப்படிப் பார்ப்பது? அங்கேதான் இசக்கி வந்தான். நூற்றைம்பது அடி தள்ளி, ரோட்டோரம் ஒரு சின்ன கல்வெர்ட், வாய்க்கால் பாலம். அதன் கட்டைச் சுவரில் உட்கார்ந்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற வெளிச்சமும் முன்கூட்டியே தெரியும். முதலில் விசில் அடித்துப் பார்த்தோம். பக்கத்துக் கம்பெனி செக்யூரிட்டி தணிகாசலம் திருடன் என்று தடியோடு ஓடிவந்தார். அப்புறம் சைக்கிள் மணி. ஒரு தடவை அடித்தால் வெளிச்சம் வருகிறது, மூடு. இரண்டு தடவை அடித்தால் போய்விட்டது, எடு. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, கட்டைவிரலை மணியின் நாக்கில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். தொலைநோக்கியில் கண் வைக்க அவனுக்குப் பிடிக்காது. "ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு ஒரு மணி நேரமா? எனக்கு ரெண்டு கண்ணு தந்திருக்கான்வே கடவுளு" என்பான். ஆனால் இரண்டு வருஷம், அமாவாசையை ஒட்டிய நாட்களில், ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து அந்தச் சுவரில் உட்கார்ந்தான். ஏன் என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

பிலிம் கழுவுகிற ஸ்டுடியோக்காரர் முதல் மூன்று ரோலை, "ஒண்ணுமே விழல சார்" என்று படங்களின் நடுவிலேயே வெட்டிக் கொடுத்தார். நட்சத்திரப் படத்தில் ஒரு ஃப்ரேம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு ரோலிலும் முதல் படம் பகல் வெளிச்சத்தில் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். அவர் அதை வைத்து அளந்து வெட்டுவார். அந்த முதல் படம் எப்போதும் இசக்கிதான். கல்வெர்ட்டில் உட்கார்ந்து, மணியில் விரல் வைத்து. அப்படிப் பதினேழு படம் என்னிடம் இருக்கிறது. பெண் வீட்டுக்கு அனுப்பிய போட்டோகூட அதில் ஒன்றுதான், சைக்கிளை மட்டும் வெட்டிவிட்டு. பெண் பெயர் முத்துலட்சுமி. வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அந்தத் தை மாதம் நான் குதிரைத்தலையைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஓரியன் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டையில் மூன்றாவது நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், மங்கலான சிவப்புத் திரைக்கு முன்னால் ஒரு துண்டு இருட்டுப் புழுதி, குதிரை தலையைத் திருப்பியது போல. அதற்குச் சொந்த வெளிச்சம் இல்லை. பின்னால் இருக்கும் வெளிச்சத்தை அது மறைப்பதால்தான் அது இருப்பதே தெரியும். எனக்கு அந்த வயதில் அதன் மேல் ஒரு பித்து. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது, சிலருக்கு ஒரு முகத்தின் மேல் வருவதில்லையா, அப்படி.

நான் சொல்ல வந்த ராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால் அதைப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நட்சத்திரம் சிலுவையை விட்டு அசையவில்லை. அப்போது பார்த்து இசக்கி ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்தான், டைனமோ லைட்டைப் போட்டுக்கொண்டு, நேராக மனை வாசல்வரை. வெளிச்சம் குழாய் வாய்க்குள்ளேயே விழுந்தது. நான் கத்தினேன். அறைக்கு வந்தும் கத்தினேன், தூங்கிக்கொண்டிருந்த மற்ற இரண்டு பேரும் எழுந்து உட்காரும் அளவுக்கு.

"லைட்டு போட்டுக்கினு வர்றியே, அறிவு கீதா உனக்கு? நாப்பது நிமிஷம் போச்சு."

"ரோட்டுல லைட்டில்லாம வந்து சாவச் சொல்லுதீராவே?"

"நூறு தடவ வந்த ரோடுதான? கண்ண மூடிக்கினு வரலாம்."

எதற்கும் பதில் வைத்திருப்பவன், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கப்புறம் ஒரு வாரம், சாப்பிட்டியா, தண்ணி புடிச்சியா என்கிற அளவுக்குத்தான் பேச்சு. அந்த நாள் காலையில் நானாகக் கேட்டேன், "இன்னிக்கு வர்றியா?" என்று. "ஓட்டி இருக்கும். நீரு பாத்துக்கிடும்" என்றான். ஓட்டி என்றால் ஓவர்டைம். சரி, வரமாட்டான் என்று நான் தனியாகப் போனேன்.

பனி இறங்குகிற ராத்திரி. துணியை முறுக்கினால் தண்ணீர் வரும், அவ்வளவு பனி. வானம் மட்டும் கழுவித் துடைத்தது போல. ஓரியன் உச்சிக்கு ஏறி நின்றது. பத்து நாற்பதுக்குக் குழாயில் மாட்டிய கேமராவின் ஷட்டரைத் திறந்து பூட்டினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை வைத்தேன், அதனால் அந்த நேரம் நன்றாக நினைவிருக்கிறது. வண்டிச் சத்தம் காதில் விழுந்தால் மூடிக்கொள்ளலாம் என்று கணக்கு. ஆனால் மோட்டாரின் ரீங்காரமும், எங்கோ ஓடும் ஜெனரேட்டரும், தவளையும் சேர்ந்து காதை நிரப்பிவிட்டன. இது நடக்காத காரியம் என்று நினைத்த அந்த நேரத்தில் கல்வெர்ட்டுப் பக்கமிருந்து மணி அடித்தது.

ஒரு தடவை. கை தானாக அட்டையைத் தூக்கியது. மூன்று எண்ணுவதற்குள் ஹெட்லைட் வந்து குழாயின் விளிம்பை வெள்ளையாக வாரிவிட்டுப் போனது. பிறகு இரண்டு தடவை. அட்டையை எடுத்தேன்.

வந்துவிட்டான். வந்தவன் பேசாமல் நேராகத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டான், இன்னும் கோபம். இருக்கட்டும். லைட் இல்லாமல் வந்திருக்கிறான் பார் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. கண்ணை எடுக்காமலே, "தேங்க்ஸ்பா" என்று சத்தமாகச் சொன்னேன். பதில் இல்லை. வீம்புக்காரன்.

நம்பினால் நம்புங்கள், அதைப்போல ஒரு நாற்பது நிமிடம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஐந்து வண்டி வந்தது. ஐந்து தடவையும் வெளிச்சத்துக்கு முன்னால் மணி, வெளிச்சத்துக்குப் பின்னால் இரண்டு மணி. ஒரு நொடி பிசகவில்லை. நட்சத்திரம் சிலுவையில் ஆணி அடித்தது போல நின்றது. எனக்குப் பின்னால் ஒருத்தன் எனக்காக இருட்டைக் காவல் காக்கிறான், நான் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்கிற நிம்மதி இருக்கிறதே, அது தூக்கத்தைவிடப் பெரியது. அறைக்குப் போனதும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

ஆறாவது முறை மணி ஒரு தடவை அடித்தது. மூடினேன்.

வெளிச்சம் வரவில்லை.

தூரத்து வண்டியாக இருக்கும் என்று காத்திருந்தேன். ஐம்பது எண்ணினேன். நூறு எண்ணினேன். வெளிச்சமும் வரவில்லை, இரண்டு மணியும் வரவில்லை. அட்டையைத் தூக்கிப் பிடித்த கை தோளிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. "இசக்கி, எடுக்கலாமா?" என்றேன். பதில் இல்லை. பழிவாங்குகிறான், என்னைக் கை வலிக்க நிறுத்திவைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு, ஏனென்று தெரியாமல், கோபம் வடிந்தது. நானாக எடுத்திருக்கலாம். வெளிச்சம் இல்லையென்று எனக்கே தெரிகிறது. ஆனால் இரண்டு வருஷத்தில் அவன் இரண்டு மணி அடிக்காமல் நான் அட்டையை எடுத்ததே இல்லை, அன்றும் என் கை எடுக்கவில்லை. சிலுவையிலிருந்து நட்சத்திரம் மெல்ல விலகி ஓரத்துக்குப் போய்க் காணாமல் போனது. நான் கண்ணை எடுத்துத் திரும்பிப் பார்த்தேன்.

கல்வெர்ட்டில் யாரும் இல்லை.

சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தேன். சைக்கிளும் இல்லை. கட்டைச் சுவரின் மேல் பனி ஒரே சீராகப் படிந்திருந்தது, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. கையால் தடவினேன். என் கை போன தடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அந்தச் சுவரில் அன்று ராத்திரி யாரும் உட்காரவில்லை.

அங்கேயே நின்றிருந்தால் நான் ஒருவேளை பயந்து ஓடியிருப்பேன். ஆனால் கால் ரோட்டில் மேலே நடந்தது, அவன் வருகிற திசையில். அறுபது தப்படிதான் இருக்கும். ரோட்டோரம் புதிதாக மண் குவிந்திருந்தது. கேபிளுக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ, அன்று பகலில் யாரோ ஆள் உயரத்துக்குப் பள்ளம் தோண்டி, தடுப்பு வைக்காமல் போயிருந்தார்கள். காலையில் அந்த வழியாகப் போனபோது அது இல்லை. சாயங்காலம் நான் வேறு பக்கமாக மனைக்குள் வந்தேன். பள்ளத்தின் விளிம்புக்கு மேலே ஒரு சைக்கிள் சக்கரம் நீட்டிக்கொண்டிருந்தது.

டைனமோ சக்கரத்தைத் தொடாமல் விலக்கி வைக்கப்பட்டிருந்தது. லைட்டை அணைத்துக்கொண்டு வந்திருக்கிறான். என் படம் கெட்டுப்போகக் கூடாது என்று.

உள்ளே அரை முழத் தண்ணீர். அதில் ஒரு பக்கமாகக் கிடந்தான். தலை ஒரு கல்லின் மேல் இருந்ததால் மூக்கு தண்ணீருக்கு மேல் இருந்தது. நான் குதித்து அவனைப் புரட்டினேன். சைக்கிளின் முன்பாகம் தலைகீழாக அவனுக்குப் பக்கத்தில் சேற்றில் புதைந்திருந்தது. மூச்சு இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் என் உயிர் போய்ப் போய் வந்தது.

எப்படி மேலே ஏற்றினேன் என்று தெரியாது. ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். ஒரு ஷிஃப்ட் பஸ் என் முட்டிக்கு முன்னால் வந்து நின்றது.

"யோவ், சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?" என்று டிரைவர் தலையை நீட்டினார். பிறகு என் சட்டையைப் பார்த்தார். குரல் மாறிவிட்டது. "ஏ, கடைசி சீட்ட காலி பண்ணுங்கபா. தூக்கு, தூக்கு. தலைய அசைக்காத. இன்னா பாத்துகினு நிக்கிற, ஏறு."

வேலை முடிந்து தூங்கி வழிந்துகொண்டிருந்த பையன்கள், எல்லோரும் தெற்கத்திப் பிள்ளைகள், அவனை மடியில் குறுக்காக வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தன் தன் யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டினான். "எந்தூருண்ணே?" என்று கேட்டான். அம்பாசமுத்திரம் பக்கம் என்றேன். "நமக்கும் அங்கனதான். ஒண்ணும் ஆவாதுண்ணே" என்றான், அந்த ஊர்க்காரனுக்கு எதுவும் ஆகாது என்று அவனுக்கு மட்டும் தெரிந்தது போல. பஸ் தன் ரூட்டை விட்டுத் திரும்பியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கட்டுப் போட்டு, அங்கிருந்து சென்னைப் பெரியாஸ்பத்திரி. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தண்ணீரில் குளிர்ந்தே போயிருப்பான் என்றார் டாக்டர்.

கண் திறக்கவில்லை. முதல் நாள் போனது. அவன் அண்ணன்காரர் ஊரிலிருந்து கிளம்பிவிட்டார். முத்துலட்சுமி வீட்டிலிருந்து போன் வந்தது, என்ன சொல்வது என்று தெரியாமல் "நல்லாகீறாரு" என்று பொய் சொன்னேன். இரண்டாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வந்தவன் மனைக்குப் போனேன். தொலைநோக்கி தணிகாசலத்தின் கேபினில் இருந்தது, குழாயில் பாலித்தீன் கட்டி, குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி படுக்கவைத்திருந்தார்.

"காலைல பாத்தேன் சார், ஆளில்லாம நின்னுகினு இருந்துது. யாராச்சும் தூக்கினு பூடப்போறாங்கன்னு இட்டாந்தேன். ஃப்ரெண்டுக்கு இன்னாச்சு?"

சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"எத்தினி மணிக்கு வுழுந்தாரு?"

கம்பெனி வாசலில் அவன் கார்டு பஞ்ச் செய்தது பத்து பத்துக்கு என்று விசாரித்திருந்தேன். ஓட்டி வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான். சைக்கிளில் கால் மணி நேர வழி. "பத்தரைக்குள்ள" என்றேன்.

"அது எப்பிடி சார்? நான் பதினோரு மணி ரவுண்ட்ஸ் போவசொல்ல பெல் அடிச்சிகினு இருந்தாரே. நாலஞ்சி தபா கேட்டனே. நீங்க சொன்ன கோவம் தீந்து வந்துட்டாரு போலன்னு நெனச்சிகினேன்."

கேட்டவன் நான் ஒருத்தன் மட்டுமில்லை என்று ஆனதும் ஆறுதல் வரும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. நேராகப் பள்ளத்துக்குப் போனேன். சைக்கிள் இன்னும் அதிலேயே கிடந்தது. வெளியே இழுத்துப் போட்டு மணியைப் பார்த்தேன். நாக்கு வளைந்து ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கிண்ணம் நிறையச் சேறு, அடைத்து இறுகி, உளியால் பெயர்க்க வேண்டிய சேறு. என் பலம் முழுவதையும் கொடுத்து அமுக்கினேன். அசையவில்லை. அந்த மணி அடித்திருக்காது. அடித்திருந்தாலும், ஆள் உயரப் பள்ளத்துக்குள் கண்மூடிக் கிடந்தவனுக்கு வளைவுக்கு அப்பால் வருகிற ஹெட்லைட் எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் விடிகாலை. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ வாளியை இழுத்துத் தரை துடைக்கும் சத்தம். அவன் கட்டைவிரல் அசைந்தது. என் உள்ளங்கையில் ஒரு அமுக்கு. உடனே இன்னொரு அமுக்கு.

இரண்டு தடவை.

நம்பமாட்டீர்கள், என் இன்னொரு கை தானாக மேலே போனது, எதையோ எடுப்பதற்கு. பிறகு அவன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். "என்னவே, மூஞ்சி இப்டி இருக்கு" என்றான்.

அந்த பிலிமைக் கழுவக் கொடுத்தேன். ஷட்டர் பூட்டியது பூட்டியபடி இரண்டு பகல் வெளிச்சம் விழுந்த பிலிம். அத்தனை வெளிச்சமும் விழுந்தால் நெகட்டிவ் அட்டைக் கறுப்பாகிவிடும். ஸ்டுடியோக்காரர் முதல் படத்தை மட்டும் பிரின்ட் போட்டுக் கொடுத்தார், முந்தின ஞாயிற்றுக்கிழமை வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்த இசக்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கிறான், விரல் மட்டும் வழக்கம்போல மணியின் மேல். நெகட்டிவில் அதற்கு அடுத்த ஃப்ரேம் முழு இருட்டு. ஆதாரம் என்று கேட்டால் என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

ஐந்து மணிகளை ஏதோ ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். என் நண்பன் தன் வேலையைச் செய்தான், வேலைக்கு வரவேண்டிய உடம்பு வர முடியாமல் போனாலும். அதைக்கூட ஏற்றுக்கொள்வேன். ஆறாவதுதான் தொண்டையில் நிற்கிறது. ஒரு மணி என்றால் வெளிச்சம் வருகிறது என்று அர்த்தம். அவன் ஒருநாளும் தப்பாக அடித்ததில்லை. நான் மூடினேன், எனக்கு எந்த வெளிச்சமும் வரவில்லை. அப்படியென்றால் அவன் கண்ட வெளிச்சம் எது? எந்த வளைவில் திரும்பி வந்தது? இரண்டு மணி என்றால் அது போய்விட்டது என்று அர்த்தம். அது அவனைக் கடந்து போக மூன்று நாள் ஆனது. அவ்வளவு நீளமான வண்டி எது?

இசக்கிக்கு எதுவும் நினைவில்லை. "பஞ்ச் பண்ணது நெனப்பிருக்கு, அப்புறம் ஒம்ம மூஞ்சி" என்பதோடு அவன் கதை முடிந்துவிடும். வைகாசிக் கல்யாணம் ஆவணியில் நடந்தது. ஊரோடு போய்விட்டான், பம்ப்செட் ரிப்பேர்க் கடை, இரண்டு பெண் குழந்தைகள். இடது கால் மட்டும் லேசாக இழுக்கும். பள்ளத்தைப் பற்றி, டைனமோவைப் பற்றி எல்லாம் அவனிடம் பேசி அழுதிருக்கிறேன். மணியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நான் குதிரைத்தலையையும் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

போன வருஷம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் கடைக்குப் போய்விட்டான். முத்துலட்சுமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் நிலைப்படியில் நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். இவுகளுக்குத் தூக்கத்துல பெருவெரலு மட்டும் அசையுதுண்ணே. எங்கையப் புடிச்சிருப்பாக. ஒரு அமுக்கு அமுக்குவாக. கொஞ்ச நேரங்கழிச்சு ரெண்டு அமுக்கு. எப்பமாவதுதான். ஆனா அந்த நடுவுல மூச்சு ரொம்ப மெதுவாப் போவுது. காலைல கேட்டா சிரிக்காக."

காபியைக் கீழே வைத்தேன்.

"நடுவுல எவ்ளோ நேரம்மா இருக்கும்?"

"அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். போன ஆடில ஒரு நாளு விடிய விடிய."

அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய்வரை வந்தது.

"ரெண்டு அமுக்கு வர்ற வரைக்கும் கையை வுட்றாதம்மா" என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை.

"விட்டதே இல்லண்ணே" என்றாள்.